பால் பல் விழத்தானே போகிறது

தலைமையாசிரியரைக் கண்டு பயப்படாத பிள்ளைகள்கூட, பல் மிஸ்ஸி வராந்தாவில் நடந்து வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வார்கள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில், சாப்பாட்டுக் கடைகளை ஒட்டிய சின்ன அறைதான் பல் மிஸ்ஸி குணமணியின் இடம். ஒரு சாய்வு நாற்காலி, தலைக்குமேல் ஒரு விளக்கு, கிர்ரென்று சுற்றும் துளைக்கருவி, எப்போதும் போகாத கிராம்பு எண்ணெய் வாசனை. வகுப்பு வாசலில் நின்று அவள் ஒரு பெயரைச் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் கோணும். மற்றவர்கள் தப்பித்தோம் என்று மூச்சு விடுவார்கள்.

1977இல் குணமணிக்கு நாற்பதை நெருங்கிய வயது. காத்தோங்கில், செண்பக விநாயகர் கோயில் மணி கேட்கும் தூரத்தில், தங்கை புஷ்பராணியோடு குடியிருந்தாள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை ஒரு கப்பல் கம்பெனியில் தட்டெழுத்தாளர். குணமணி பள்ளிப்படிப்பை முடித்ததும் பல் தாதிப் பயிற்சியில் சேர்ந்தவள். பிள்ளைகளின் பல்லைச் சொத்தை வராமல் காப்பதற்குத்தான் இந்த வேலை என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். அவளும் நம்பினாள். ஆனால் பள்ளிக்கு வந்த பிறகு நாள் முழுக்க அவள் செய்தது அடைப்பதும் பிடுங்குவதும்தான். மாலையில் கை கழுவும்போது, வாளியில் கிடக்கும் பஞ்சையும் பல்லையும் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலை இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகள் எல்லோரும் சாக்கடை ஓரமாகக் குந்தி, பிளாஸ்டிக் குவளையும் பிரஷும் வைத்துக்கொண்டு, ஆசிரியரின் விசில் சத்தத்துக்கு ஏற்பப் பல் தேய்ப்பார்கள். மேலும் கீழும், உள்ளும் வெளியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பகலில் பள்ளியில் தேய்த்ததை ராத்திரி வீட்டில் யாரோ பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ அம்மாக்கள்தான் என்பதில் குணமணிக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ரூபி அந்த வருடம் இரண்டாம் வகுப்பு. கன்னம் வீங்கி வந்தாள். வாயைத் திறக்க வைப்பதற்குள் குணமணிக்கு வியர்த்துவிட்டது. விளக்கை இன்னும் தாழ்த்தி உள்ளே பார்த்தாள். முன்பற்கள் அடியோடு கரைந்து கறுத்த முளைகளாக நின்றன. கடைவாயில் ஒரு பக்கம் சீழ். அன்றைக்கு இரண்டைப் பிடுங்கினாள். ரூபி கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதது குணமணிக்குக் கத்தலைவிட மோசமாக இருந்தது.

அம்மாவை வரச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் காலையே பிலோமினம்மாள் வந்துவிட்டாள். ஒல்லியான, கண்ணுக்குக் கீழே கறுத்த பெண். கழுத்தில் சின்னச் சிலுவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ராத்திரி படுக்கும்போது என்ன குடுக்கிறீங்க பிள்ளைக்கு?"

"தேத்தண்ணிதான் மிஸ்ஸி."

"டின் பால் போட்டா?"

பிலோமினம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

"டின் பால்ல பாதிக்குப் பாதி சீனிம்மா. அதைக் குடிச்சிட்டு அப்படியே தூங்கினா ராத்திரி பூரா சீனி பல்லுல ஊறும். படுக்கறதுக்கு முன்னால பல்லு தேய்க்கணும். தேய்ச்ச பிறகு தண்ணியைத் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாது. புரியுதா?"

"சரி மிஸ்ஸி."

"வீட்டுல வேற சின்னப் பிள்ளை இருக்கா?"

"தம்பி இருக்கான். ஒண்ணரை வயசு."

"அவனுக்குப் போத்தல்ல டின் பாலா?"

"சரி மிஸ்ஸி" என்றாள் பிலோமினம்மாள், கேட்டது கேள்வி என்றே தெரியாதவள்போல.

குணமணிக்கு அந்த 'சரி மிஸ்ஸி' நன்றாகத் தெரியும். வருடம் முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சில அம்மாக்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சிலர் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டு சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போய், முன்பு செய்ததையே செய்வார்கள்.

அந்தத் தவணையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: பெற்றோரைக் கூப்பிட்டுப் பல் சுகாதார உரை நடத்த வேண்டும். குணமணி மண்டபத்தில் நாற்காலிகள் போட வைத்தாள். ஆளுயர அட்டையில் பல்லின் படம், சாந்தில் வார்த்த, கைக்கு அடங்காத பல்வரிசை, அதைத் தேய்க்க முழங்கை நீளத்துக்கு ஒரு பிரஷ். தமிழ்ப் பெற்றோருக்கான உரையை அவளே எழுதிப் படித்தாள். 'பற்சிதைவு', 'ஈறு நோய்', 'நுண்ணுயிர்' என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் போட்டிருந்தாள். வந்தவர்கள் மண்டபத்தின் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. ஒருவர் தூங்கினார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா, அந்தப் பெரிய பிரஷைத் தன் குழந்தைக்குக் காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். முடிவில் கேள்வி உண்டா என்று கேட்டபோது, பஸ் ஸ்டாப்புக்கு எந்தக் கதவு வழியாகப் போகலாம் என்று ஒருவர் கேட்டார். பிலோமினம்மாள் வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை அலமாரியில் இடித்து இடித்து வைத்தாள் குணமணி. புஷ்பராணி செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தாள். வீட்டுக்குள் அக்காவும் தங்கையும் பேசுவது அம்மா அப்பா ஊரின் தமிழ்.

"சனம் கேட்கேல்லை எண்டால் விடன் அக்கா. சொல்லுறது உன்ர வேலை. நீ சொல்லிப்போட்டாய்."

"சொல்லுறது என்ர வேலையெண்டால் பல்லைப் பிடுங்கிறது ஆற்ற வேலை?" என்றாள் குணமணி.

தவணை முடிவதற்குள் ரூபி மறுபடியும் வந்தாள். இந்த முறை இடது கடைவாய். வெற்றுக் கண்ணுக்கே குழி தெரிந்தது. போன முறை அந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புக் கோடுதான் இருந்தது. அது பால் பல்லும் அல்ல. ஆறு வயதில் முளைத்து ஆயுசுக்கும் இருக்க வேண்டிய கடைவாய்ப்பல். குணமணி தற்காலிகமாக மருந்து வைத்து அடைத்தாள். அம்மாவை வரச் சொன்னாள். பிலோமினம்மாள் வந்தபோது, குணமணி தன்னை அறியாமல் குரலை உயர்த்திவிட்டாள்.

"நான் சொன்னதுல ஒண்ணையாவது செஞ்சீங்களா? ஒரு பிரஷைப் பிடிச்சு இந்தப் பிள்ளைக்குத் தேய்ச்சு விட உங்களுக்கு நேரமில்லையா? பெத்தா மட்டும் போதுமா?"

பிலோமினம்மாள் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள். "சரி மிஸ்ஸி" என்றுதான் அப்போதும் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனை முறை சொல்லி அனுப்பியும் அவள் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குணமணி குடையை எடுத்துக்கொண்டு ரூபியின் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"உனக்கு விசரே அக்கா? அவையள் உன்னை வாவெண்டு கூப்பிட்டவையோ?" என்றாள் தங்கை.

"கூப்பிடேல்லை. அதுதான் போறன்."

ரூபியின் குடும்பம் முன்பு சிராங்கூன் சாலைச் சந்து ஒன்றில் வாடகை அறையில் இருந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சொல்லி அவர்களுக்குக் கிளமெண்டியில் வீடு கொடுத்திருந்தார்கள். பள்ளியை மாற்றாமல் தினமும் அங்கிருந்தே பிள்ளையைக் கூட்டி வந்தாள் அம்மா. குணமணி இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. புதுக் கட்டடங்களுக்கு இடையே இன்னும் செம்மண் மேடுகள். லிப்ட் நிற்காத மாடி என்பதால் கடைசியில் படியேற வேண்டியிருந்தது.

கதவைத் திறந்தவர் ரூபியின் அப்பா சூசைநாதன். கைலி கட்டி, தோளில் குழந்தையைப் போட்டிருந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலை. தோளும் கையும் அதைச் சொல்லின. குழந்தை சிலுவைராஜின் வாயில் பால் போத்தல். உள்ளே பாயில் படுத்திருந்த ரூபி, பல் மிஸ்ஸி வீட்டுக்கே வந்துவிட்டதைப் பார்த்ததும் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

"பிலோமினம்மா இல்லையா?"

"அவ வேலைக்குப் போயிட்டா. பேக்டரியில ரெண்டாவது ஷிப்ட். வர பதினோரு மணி ஆயிரும். சனிக்கிழமையும் உண்டு. நீங்க?"

சொன்னாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். குணமணி உட்காரவில்லை. அவள் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டாவது ஷிப்ட் என்றால் மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். இத்தனை மாதமாகப் பிள்ளைகளைப் படுக்க வைப்பது பற்றி, படுக்கிற நேரத்தில் வீட்டிலேயே இல்லாத ஒருத்தியிடம் அவள் பாடம் நடத்தியிருக்கிறாள். கத்தியும் இருக்கிறாள்.

"நான் வரச் சொல்லி அனுப்பினது உங்களுக்குத் தெரியுமா?"

"பல்லு பத்தி மிஸ்ஸி ஏசுறாங்கன்னு சொன்னா. அவ வரும்போது நான் தூங்கிட்டு இருப்பேன். விடிகாலையில நான் கிளம்பும்போது அவ தூங்குவா. எங்க பேசுறது லா?"

"அந்தப் போத்தலை எடுங்க முதல்ல" என்றாள் குணமணி. சொன்ன பிறகுதான், இன்னொருவர் வீட்டில் நின்றுகொண்டு உத்தரவு போடுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

சூசைநாதன் அவளைப் பார்த்தார். பிறகு குழந்தையின் வாயிலிருந்து போத்தலை உருவினார். சிலுவைராஜ் முதலில் திகைத்தான். அப்புறம் ஆரம்பித்தான். அந்தக் குரல் சிமெண்ட் சுவர்களில் மோதித் திரும்பியது. சற்று நேரத்தில் தரைக்குக் கீழிருந்து டொக் டொக்கென்று இடி கேட்டது.

"கீழ் வீட்டுப் பெரியவரு. விளக்குமாத்துக் கட்டையால கூரைய இடிக்கிறாரு" என்றார் சூசைநாதன், அழுகைக்கு மேலாகக் குரலை உயர்த்தி. "இது தினசரி. நான் நாலு மணிக்கு எந்திரிக்கணும் மிஸ்ஸி. தூக்கம் இல்லாம மேல சரக்கு தொங்கும்போது கீழ நின்னா என்ன ஆகும்னு தெரியுமா? போத்தலக் குடுத்தா அஞ்சு நிமிசத்துல தூங்கிடுவான். நீங்க சொல்லுங்க, நான் என்ன செய்ய?"

மண்டபத்தில் அவள் படித்த உரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. போத்தல் திரும்ப வாய்க்குப் போனது. வீடு அமைதியானது.

"பல்லு போயிரும்" என்றாள் அவள், தோற்றவள்போல.

"பால் பல்லுதான. விழத்தான போகுது."

"ரூபிக்குச் சொத்தையாப் போனது பால் பல்லு இல்ல. ஆறு வயசுல முளைக்கிற கடைவாய்ப்பல்லு. அது விழுந்தா திரும்ப வராது."

"பால் பல்லு இல்லன்னு யாரு சொன்னா? எந்தப் பல்லும் விழாமலேதான அது முளைச்சுது."

"அதான் சொல்றேன். விழாம, பின்னால தனியா முளைக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல."

சூசைநாதன் குழந்தையைப் பாயில் கிடத்தினார். பிறகு, வெட்கப்படாமல், வாய்க்குள் விரலை விட்டு மேல் பல் வரிசை முழுவதையும் கழற்றிக் காட்டினார். கன்னம் உள்ளே ஒட்டிக்கொண்டது. திரும்ப மாட்டிக்கொண்டு பேசினார்.

"எனக்கு முப்பத்தாறு வயசு. இருபத்தெட்டுலயே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. எங்கப்பாவுக்கும் அப்படித்தான். பல்லுன்னா போறதுதான்னு நெனச்சிட்டு இருந்தேன்."

குணமணி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிறைய நேரம் பேசினார்கள். அவள் சொன்னதைவிடக் கேட்டது அதிகம். எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், ரூபிக்கு யார் தேத்தண்ணி போடுவது, போத்தல் இல்லாமல் பையன் எப்போதாவது தூங்கியிருக்கிறானா என்று. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த அசதியில் பகலில் தூங்கியிருக்கிறான் என்றார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். போத்தலை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். டின் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் வெறும் தண்ணீர் ஆகும்வரை. ரூபிக்குத் தேத்தண்ணி சாப்பாட்டோடு. அப்புறம் பல் தேய்த்துவிட்டுப் படுக்கை.

"பாக்கிறேன்" என்றார் சூசைநாதன். 'சரி மிஸ்ஸி' என்று சொல்லாததே குணமணிக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை பிலோமினம்மாள் தானாகவே அறை வாசலில் வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வந்தீங்களாம்."

"ராத்திரி வேலைக்குப் போறேன்னு நீங்க ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"பொம்பள ராத்திரி வீட்டுல இல்லைன்னா என்ன நினைப்பீங்களோன்னு. பிள்ளைய ஒழுங்காப் பாக்கலைன்னு நீங்க ஏற்கெனவே..." அவள் முடிக்கவில்லை.

"நான் கேட்டிருக்கணும்" என்றாள் குணமணி. மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள் வந்து நின்றது, வெளியே வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு புதுப் பிரஷை எடுத்துக் கொடுத்தாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. சில வாரங்கள் சூசைநாதன் பாலைக் குறைத்தார். பையனும் முனகிக்கொண்டே குடித்தான். அதற்குள் துறைமுகத்தில் அவரை இரவு வேலைக்குப் போட்டார்கள். பிள்ளைகளை ராத்திரியில் பக்கத்து வீட்டு அஸ்மத் அக்கா பார்த்துக்கொண்டாள். நல்ல மனசுக்காரி. குழந்தை தண்ணீர்ப் பாலைக் குடித்துவிட்டு அழுவதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் கட்டிப் பால். வேலை நேரம் பழையபடி மாறுவதற்குள் சிலுவைராஜின் முன்பற்களும் ரூபியுடையதைப் போலவே கரைந்திருந்தன.

ரூபியின் கடைவாய்ப்பல்லும் நிற்கவில்லை. வைத்த மருந்தைத் தாண்டி உள்ளே வலி இறங்கிவிட்டது. குணமணி பல் டாக்டரிடம் எழுதி அனுப்பினாள். அவர் எடுத்துவிடுவதுதான் வழி என்றார். பிடுங்கும் நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டு சூசைநாதனே மகளைக் கூட்டிப் போனார். திரும்பும் வழியில் பள்ளிக்கு வந்து, பஞ்சு கடித்திருந்த பிள்ளையை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தார். தாளில் மடித்து வைத்திருந்த, வேர் நீண்ட பெரிய பல் ஒன்றைக் காட்டினார்.

"இதா மிஸ்ஸி நீங்க சொன்னது?"

"ஆமா."

"இனிமே முளைக்காது."

"முளைக்காது."

அவர் அதை மறுபடியும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குணமணி அன்று மத்தியானம் யாரையும் நாற்காலிக்குக் கூப்பிடவில்லை. கருவிகளைக் கொதிக்க வைப்பதாகச் சொல்லிவிட்டு அறைக்குள்ளேயே இருந்தாள்.

அதன் பிறகு மண்டபத்து உரையை அவள் விட்டுவிட்டாள். பெற்றோர் யாராவது வந்தால் படத்தை எடுக்கமாட்டாள். "ராத்திரி பிள்ளையைப் படுக்க வைக்கிறது யாரு?" என்றுதான் ஆரம்பிப்பாள். பதில் அம்மாவாக இருக்கும், அப்பாவாக இருக்கும், அத்தையாக, அண்டை வீட்டுக்காரராக இருக்கும். யாராக இருந்தாலும் அவரை அழைத்து வரச் சொல்வாள். ஓர் ஆளோடு அரைமணி நேரம் போகும். ஆண்டறிக்கையில் மற்ற பள்ளிகள் உரைக்கு வந்த கூட்டத்தை எழுதியபோது, அவளுடைய இடம் காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார். ஒரு நாளைக்கு நாலு பேரோடு பேசினால் நாட்டில் உள்ள பிள்ளைகளின் பல்லை எப்போது காப்பாற்றுவது என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை என்று குணமணிக்குத் தோன்றியது. அதனாலேயே கோபம் இன்னும் கூடியது. ஆமினா பீவி என்ற அம்மாவிடம் மட்டும் மூன்று தவணை பேசினாள். ஒரு மாற்றமும் இல்லை. இன்னொரு குடும்பத்தில் ஒரே பேச்சில் சீனி மிட்டாய் நின்றது. ஏன் அங்கே நின்றது, ஏன் இங்கே நிற்கவில்லை என்று அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

எண்பத்திரண்டில் அவளைக் கிளமெண்டியில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். காத்தோங்கிலிருந்து விடியும் முன்பே கிளம்ப வேண்டும். புஷ்பராணி வேலையை விடச் சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. அடுத்த வருடமே முதல் வகுப்பில் சிலுவைராஜ் வந்து சேர்ந்தான். முன்பக்கம் புதுப் பற்கள் பாதி முளைத்திருந்தன. குணமணி பின்னால் கண்ணாடியை விட்டு நான்கு மூலையையும் பார்த்தாள். கடைவாய்ப்பற்கள் நான்கும் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. அன்று வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னாள். தங்கைக்கு யாருடைய பல் என்றே நினைவில்லை.

ஆனால் எண்பத்துநான்கில் அதே பையனின் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தது. சின்னதுதான். அவள் அதைத் துளைத்து அடைத்துவிட்டு வெளியே வந்தபோது, சூசைநாதன் பெஞ்சில் காத்திருந்தார். தலை நரைத்திருந்தது.

"ஒண்ணுதான். சின்னது. அடைச்சிட்டேன்" என்றாள்.

அவர் முகம் வாடிவிட்டது. "அதெப்படி மிஸ்ஸி? நான் ராத்திரி ராத்திரி பக்கத்துல நின்னு தேய்க்க வைக்கிறேன். டின் பால் வீட்டுக்குள்ளயே வர்றதில்ல. தேத்தண்ணியில சீனி போடுறதில்ல. இன்னும் என்ன செய்யணும் நான்?"

குரலில் இருந்த கடுப்பு குணமணிக்குப் புதிதல்ல, அவளுடையதேதான் அது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பள்ளி விட்டு வந்து நீங்க வர்ற வரைக்கும் எங்க இருக்கான்?"

"அஸ்மத் அக்கா வீட்டுல."

"அங்க என்ன சாப்பிடுறான்?"

"வர்ற பிள்ளைக்கெல்லாம் தேங்காயும் சீனியும் போட்டுக் கூவே பலகாரம் செஞ்சு குடுக்கும். மேசையில மிட்டாய் டப்பா திறந்தே இருக்கும். ஏழெட்டு வருசமா நம்ம பிள்ளைகளச் சொந்தப் பிள்ளையாப் பாக்குது. அதுகிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது?"

"எனக்கும் தெரியல" என்றாள் குணமணி.

அடுத்த பிள்ளை வாசலில் வந்து நின்று, அழலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையைக் காட்டி அதைப் பொறுக்கச் சொன்னாள்.

"அந்த அக்காவுக்கு எப்ப நேரம் இருக்கும்னு கேட்டு வைங்க" என்றாள். "நான் கூட வர்றேன். ஆனா போனதும் வாயைத் திறக்க மாட்டேன். முதல்ல கூவேயைச் சாப்பிடுவோம்."